கடைசி பெஞ்சின் பட்டமளிப்பு விழா

பொதுத்தேர்வுக்கு முன் ஒரே ஒரு நாள் மைக் மாணவர்களின் கைக்குப் போகிறது. அன்று மேடையேறுவது வெறும் கூத்துதானா? கொரட்டூரிலிருந்து ஒரு +2 ஃபேர்வெல் கதை.

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. கொரட்டூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவளுக்குப் பதினேழு வயது. ஒரு கையில் கொசுவத்தைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள், மறு கையில் போன். இரண்டு படி பின்னால் புடவையின் சொந்தக்காரரான அம்மா. "பார்டர் தரையில படுதுடி, தூக்கிப் புடி" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். மகள் விழுந்தால் எழுந்துவிடுவாள், அது கல்யாணப் புடவை. கீழே பிளாட்பாரத்தில் ஐந்து பையன்கள் வெள்ளை வேட்டியில் நிற்கிறார்கள். நிற்பதைவிட, இடுப்பைக் காவல் காக்கிறார்கள் என்பதே சரி. வெல்க்ரோ வைத்த வேட்டிதான் என்றாலும் நம்பிக்கை வரவில்லை. ஒருவன் அதற்கு மேல் பள்ளிக்கூட பெல்ட்டையே கட்டியிருக்கிறான். ஆவடி வண்டிக்குக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர், யாருக்குக் கல்யாணம் என்று விசாரிக்கிறார்.

"ஃபேர்வெல், தாத்தா!"

பள்ளி வாசலில் +1 பிள்ளைகள் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, ரோஜாப் பூவோடு வரிசையாக நிற்கிறார்கள். முந்தைய நாள் வரை கேன்டீன் வரிசையில் முண்டியடித்த அதே அண்ணன்களுக்கு இன்று பன்னீர் தெளிக்கிறார்கள். உள்ளே போனால் ஹாலில் ஷாமியானாக்காரரின் சிவப்பு நாற்காலிகள், விசிலடிக்கும் ஸ்பீக்கர், பலூன் ஒட்டிய திரை. முன்வரிசையில் ஆசிரியர்கள். மேடையில் கண்ணாடி போட்ட ஒரு பையன், சட்டையெல்லாம் சாக்பீஸ் பொடியோடு வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு பேட்சைப் பார்த்ததில்ல" என்கிறான். ஹால் கூரை பிய்த்துக்கொள்கிறது. முன்வரிசையில் கணக்கு சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நிமிடம் கல்லாக இருந்தவர், அடுத்த நிமிடம் கைக்குட்டையைத் தேடுகிறார்.

பன்னிரண்டு வருஷம் மார்க் வாங்கியவர்கள், திருப்பி மார்க் போடும் ஒரே நாள் இது. அதைப் பள்ளிகள் இரண்டு வழிகளில் கெடுக்கின்றன. ஒன்று, 'படிக்கிற நேரம் வீணாகிறது' என்று விழாவையே எடுத்துவிடுவது. மற்றொன்று, சிறப்பு விருந்தினர் ஒருவரைக் கூப்பிட்டு வந்து, மைக்கை அவரிடம் கொடுத்து, பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் கைதட்ட வைப்பது. இரண்டாவதுதான் அதிகக் கொடுமை.

இது எப்போது ஆரம்பித்தது?

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980 மார்ச்சில் முதல் +2 பொதுத்தேர்வு நடந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் பி.யு.சி. பிரிவு உபசாரம் என்றால் குரூப் போட்டோ, டீ, காராபூந்தி, ஹெட்மாஸ்டரின் அறிவுரை. பாட்டு வேண்டுமென்றால் 'ரத்தத் திலகம்' (1963) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாடல் இருந்தது. 1996இல் 'காதல் தேசம்' வந்தபின் அந்த இடத்தை ரஹ்மானின் நட்புப் பாட்டு பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் ஸ்பீக்கரில் அந்த முதல் சில நொடிகள் கேட்டதும் யாராவது ஒருத்தி அழ ஆரம்பித்துவிடுவாள்.

இன்றைய கொரட்டூரின் கதையும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். பக்கத்து அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி 1949இல் வந்தது, தொழிற்பேட்டை 1964இல் வந்தது, பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. ஷிப்டு முடித்து வந்தவர்கள் குடியேற ஹவுசிங் போர்டு வீடுகள் வந்தன. அம்பத்தூர் நகராட்சியோடு இருந்த ஊர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களில் பலர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, அடுத்த மாதமே மெஷினில் நின்றவர்கள். அவர்களுக்கு ஃபேர்வெல் கிடையாது. ரிடையர் ஆன அன்று சால்வை போட்டார்களே, அதுதான்.

மிமிக்ரி என்னும் புகார்ப் பெட்டி

ஃபேர்வெல் நாடகத்துக்குக் கதை தேவையில்லை. ஆசிரியரின் வசனம் போதும். "அங்க என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல." "பெல் அடிச்சது எனக்கு, உங்களுக்கில்ல." "இது ஃபைவ் மார்க், கண்டிப்பா வரும்" (வராது). "போன வருஷ பேட்ச் எவ்ளோ தங்கமான புள்ளைங்க தெரியுமா?" போன வருஷ பேட்ச்சிடம் அதற்கு முந்தைய பேட்ச்சைத் தங்கம் என்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதில் முதல் பரிசு எப்போதும் ஒரே வசனத்துக்குத்தான்: "இன்னிக்கு பி.டி. சார் லீவு. அந்தப் பீரியட நான் எடுத்துக்கறேன்." சொல்லும்போதே மேடையின் மறுபக்கம் பி.டி. சார் வேஷம் போட்டவன் விசில் ஊதிக்கொண்டு ஓட வேண்டும். ஹால் சிரிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு புகார் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு விளையாட்டுப் பீரியட்கள்தான் கிடைத்தன. அதையும் கணக்கு தின்றுவிட்டது. மாணவர்கள் இதை மனுவாக எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நாடகம் போடுகிறார்கள்.

பிரபலமான இன்னொரு காட்சி: +1இல் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் +2 புத்தகத்தைப் பிரிப்பார். இதுவும் சும்மா வந்த ஜோக் இல்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் +1 பாடத்தைத் தாண்டிக்கொண்டு இரண்டு வருஷமும் +2 பாடத்தையே நடத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு முற்றித்தான் 2017-18இல் +1க்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. நடுவில் அது ஃபேர்வெல்லுக்குச் செய்த கெடுதலை யாரும் பேசவில்லை. விழா எடுக்க வேண்டிய +1 பிள்ளைகளும் மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு ஓட வேண்டியிருந்ததால், பல இடங்களில் சமோசாவும் கூல்டிரிங்க்ஸும் கொடுத்து ஒரு மணி நேரத்தில் கதையை முடித்தார்கள். 2025-26 ஃபேர்வெல்களில்தான் விழா எடுப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. இரண்டு வருஷமும் பொதுத்தேர்வு எழுதிய கடைசி பேட்ச்சை, +1 பொதுத்தேர்வை எழுதவே தேவையில்லாத தம்பி தங்கைகள் வழியனுப்பினார்கள். இதைவிட நல்ல நகைச்சுவையை மேடையில் யாரும் எழுதியிருக்க முடியாது.

ஏரியை விட்டுவிட்டுக் கொரட்டூர் ஜோக் கிடையாது. அம்பத்தூர் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து இங்குள்ள மக்கள் இயக்கம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கெமிஸ்ட்ரி லேபில் உப்பைக் கண்டுபிடிக்கும் தேர்வுக்குக் கொரட்டூர்ப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டாம், காற்று திரும்பினாலே ஹைட்ரஜன் சல்ஃபைடு எப்படி நாறும் என்று தெரிந்துவிடும். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் நாளைக்கு அந்த ஏரிக்காக ஊர்வலம் போகிறவர்களாகவும் இருக்கலாம்.

மிமிக்ரி செய்யப்பட்ட ஆசிரியர்கள் கோபிப்பார்கள் என்றுதான் வெளியே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்த வரை நேர்மாறு. ஸ்டாஃப் ரூமில் அடுத்த நாள் பேச்சே, யாரை எத்தனை நிமிஷம் போட்டார்கள் என்பதுதான். யாரும் தொடாத ஆசிரியர்தான் பாவம். அவ்வளவு வருஷம் பாடம் எடுத்தும் ஒரு வசனம்கூடப் பிள்ளைகளின் காதில் ஒட்டவில்லையே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசிப்பார்.

---

பெட்டிச் செய்தி: எந்த பேட்ச், என்ன கதை?

சென்னைப் பிள்ளைகளுக்கு பேட்ச் நினைவு என்பது பாதி பேரிடர் நினைவு.

2015-16: டிசம்பர் வெள்ளம். வாரக்கணக்கில் பள்ளி இல்லை. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் ரெட்டேரிக்கு என்ற பூகோளப் பாடத்தை இந்த பேட்ச் வீட்டு வாசலிலேயே படித்தது.

2016-17: நவம்பரில் பணமதிப்பிழப்பு, டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைவு, டிசம்பர் 12இல் வர்தா புயல், ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். இத்தனைக்கும் பிறகு தேர்வு எழுதி, மே மாதம் ரிசல்ட் வந்தபோது மாநில ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். சாதித்தும் பேப்பரில் போட்டோ வராத முதல் பேட்ச்.

2017-18: 1200 மதிப்பெண்ணுக்கு எழுதிய கடைசி பேட்ச். அடுத்தவர்களுக்கு 600. "நாங்க உங்களவிட டபுள்" என்ற பெருமை இன்னும் குறையவில்லை.

2021-22: தேர்வு மே 5 முதல் 28 வரை. அக்னி நட்சத்திரத்தில் ஃபிசிக்ஸ்.

2023-24: மிக்ஜாம் புயல். நனைந்துபோன நோட்டுகள், தள்ளிப்போன அரையாண்டு.

---

பட்டம் என்ற பரிசு, பட்டம் என்ற காயம்

விழாவின் உச்சம் பட்டம் வழங்குதல். இரண்டு வாரம் முன்பே +1 பிள்ளைகள் உளவு வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். எந்த அண்ணன் தினமும் ரெக்கார்டு நோட்டை மறக்கிறான், எந்த அக்கா தூறல் விழுந்தாலே கலெக்டர் லீவு விட்டாரா என்று பார்க்கிறாள் என்று பட்டியல் தயாராகும். பின்பு அட்டையில் வெட்டி, ஜிகினா ஒட்டி, கழுத்தில் மாட்டும் ரிப்பன் வைப்பார்கள். பைப்பெட்டில் உறிஞ்சும்போது கரைசலை விழுங்கியவனுக்கு 'லேப் நீலகண்டன்'. மூன்று வருஷமாக "நாளைக்குத் தர்றேன் மிஸ்" என்றவளுக்கு 'நாளைய தமிழகம்'. கடைசி பெஞ்சில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவனுக்கு 'யோக நித்திரை சித்தர்'. ஒரு மார்க் கேள்விக்கு இன்க்கி பிங்க்கி போட்டே பாஸ் ஆனவனுக்கு 'நிகழ்தகவு மேதை'.

நல்ல பட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே அளவுகோல்தான். வாங்குகிறவர் அதை வீட்டில் மாட்டுவாரா? மேலே சொன்னவற்றை மாட்டுவார்கள். மாட்ட முடியாதவையும் இதே மேடையில் வருகின்றன. நிறத்தை வைத்து, உடம்பை வைத்து, திக்கலை வைத்து, அப்பாவின் தொழிலை வைத்து. ஹால் முழுவதும் சிரிக்கும்போது வாங்குகிறவளும் சிரித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் போட்டோ எடுக்கிறார்கள். இதை 'சும்மா ஜாலி' என்று ஒதுக்குகிறவர்கள், பெரும்பாலும் அப்படி ஒரு பட்டத்தை வாங்காதவர்கள்.

பட்டப்பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் உரிமை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு +2 மாணவரை, உடன் படித்தவர்களே சாதியின் பெயரால் வீடு தேடிப் போய் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதி அடையாள வண்ணக் கயிறுகளைத் தடுப்பது பற்றி எல்லோரும் பேசினார்கள். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, மாணவரை ஆசிரியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதி சுட்டி அழைக்கக்கூடாது என்ற பரிந்துரைகள் அதே அறிக்கையில் இருக்கின்றன. வகுப்பில் ஒரு பெயர் எந்தக் குரலில் கூப்பிடப்படுகிறதோ, அதே குரலில்தான் ஃபேர்வெல் மேடையிலும் பட்டம் வரும். ஜூன் மாதமே சரிசெய்யாததை, பிப்ரவரியில் பட்டியலைத் தணிக்கை செய்து சரிக்கட்ட முடியாது. இருந்தாலும் தணிக்கை செய்யத்தான் வேண்டும்.

இதன் விளைவு நீளமானது. மேடையில் சொன்ன பெயர் ஹாலோடு போவதில்லை. அன்று இரவே வாட்ஸ்அப் குரூப் பிறக்கிறது. அதில் அந்தப் பெயரும் குடியேறுகிறது. இருபது வருஷம் கழித்து கல்யாணப் பந்தியில், பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் அதே பெயரைக் கூப்பிடுவார். 'நீலகண்டன்' என்று கூப்பிட்டால் கதை சொல்லலாம். மற்றதைக் கூப்பிட்டால் அந்த மனிதர் அடுத்த கல்யாணத்துக்கு வர மாட்டார்.

புடவைக்கு ஒரு கணக்கு

காலையில் படியேறிய அந்தப் பட்டுப்புடவைக்குக் கூலி தையல்காரருக்கு மட்டும் போவதில்லை. அம்மாவின் பிளவுஸைப் பிடித்துத் தைக்க வேண்டும். வளையல், ஃபால்ஸ், பூ, சில வீடுகளில் பார்லர். பாடி ஜவுளிக்கடைகளில் பிப்ரவரியில் ஒரே நிறத்தில் பத்துச் சட்டை கேட்டு வரும் பையன் கூட்டம் நிச்சயம் பள்ளிக்கூடக் கூட்டம்தான். ஷிப்டு சம்பளத்தில் ஓடும் வீட்டில் இது சின்னச் செலவு இல்லை. வீட்டில் கேட்காமலேயே, ஜுரம் என்று சொல்லி அன்று லீவு போடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். குரூப் போட்டோவில் இல்லாதவர்கள் எல்லோருக்கும் ஜுரம் இல்லை.

தீர்வு ரொம்ப எளிது: யூனிஃபார்ம். சொன்னவுடனே பிள்ளைகள் என்னை அடிக்க வருவார்கள் என்று தெரியும். புடவை அவர்களுக்கு வெறும் ஆடம்பரமில்லை, பெரியவளாகிவிட்டேன் என்பதற்குக் கிடைக்கும் முதல் சான்று. ஆகவே புடவை விருப்பம், யூனிஃபார்மும் சம்மதம் என்று சர்க்குலரில் ஒரு வரி இருந்தால் போதும். வகுப்பாசிரியை அன்று சாதாரணக் காட்டன் புடவையில் வந்தால் இன்னும் நல்லது.

வெள்ளைச் சட்டையில் நீல மை

ஃபேர்வெல் முடிந்தாலும் கடைசித் தேர்வு நாள் என்று ஒன்று இருக்கிறது. கடைசி பேப்பர் முடிந்து மதியம் ஒன்றேகாலுக்கு கேட் திறக்கும்போது, வெளியே இங்க் பாட்டிலும் கலர்ப் பொடியும் தயார். சட்டை முழுக்க கையெழுத்து. முதுகில் ஒரு இதயம், அதற்குப் பக்கத்தில் போன் நம்பர். வாசலில் போலீஸ்காரர் இருவர், ஒரு பைக்.

போலீஸ் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வேலூர் தொரப்பாடி அரசுப் பள்ளியில் +2 மாணவர்கள் சிலர் மேசைகளை அடித்து உடைக்கும் வீடியோ பரவி, அவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்படும் மாணவரின் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் அந்தக் காரணம் எழுதப்படும் என்று எச்சரித்தார். கொரட்டூர் வழியாகப் போகும் அரக்கோணம் ரயில் பாதைக்கும் ஒரு பெயர் உண்டு. எந்த ரூட்டுக்கு யார் தலைவன் என்ற கல்லூரி மாணவர்களின் 'ரூட்டு தல' சண்டைகள் இந்தத் தண்டவாளத்திலும் ஓடுகின்றன. பள்ளி மாணவன் கூட்டமாகக் கத்திக்கொண்டு பிளாட்பாரத்தில் ஏறினாலே ரயில்வே போலீஸின் புருவம் உயர்வது அதனால்தான்.

உடைத்தவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. மேசை பொதுச் சொத்து, அடுத்த வருஷம் அதில் உட்கார வேண்டியவன் தம்பி. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் முழுக்கக் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டெஸ்ட், ஞாயிறு ரிவிஷன் என்று அடைத்து வைத்துவிட்டு, விடைபெற ஒரு மதியம்கூடத் தராத பள்ளிக்கூடம் கடைசி நாளில் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. குக்கர் விசில் அடிக்க விட்டால்தான் மூடி தலையில் விழாது. மைக் கிடைத்த பிள்ளைகள் மேசையைத் தேடிப் போவது குறைவு என்பது என் கட்சி.

---

பெட்டிச் செய்தி: கடல் கடந்த கலாட்டா

ஜெர்மனியில் பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர்கள் ஒருநாள் பள்ளியைக் 'கைப்பற்றுகிறார்கள்'. வாசலை அடைத்து, பாடங்களை நிறுத்தி, ஆசிரியர்களை மேடையேற்றிப் போட்டி வைக்கிறார்கள். தோற்றால் தண்டனை உண்டு. இதோடு மாணவர்களே அச்சடிக்கும் ஒரு மலரும் வரும். ஒவ்வொரு மாணவர் பற்றியும் நண்பர்கள் எழுதிய கிண்டல், வகுப்பில் ஆசிரியர்கள் உளறிய பொன்மொழிகள் எல்லாம் அதில் இருக்கும்.

நார்வேயில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஓவரால் அணிந்து, ஒரு பஸ்ஸையே அலங்கரித்துச் சுற்றுகிறார்கள். கொண்டாட்டம் மே 17 தேசிய நாளோடு முடியும். வேடிக்கை என்னவென்றால், இறுதித் தேர்வுகளின் சீசனும் இதே சமயத்தில்தான்.

நம் ஊரில் பள்ளி ஆண்டு மலர் உண்டு. அதில் தாளாளர் வாழ்த்துரை இருக்கும்.

---

நடக்காமல் போன ஃபேர்வெல்

விடைபெறுவதன் மதிப்பு தெரிய வேண்டுமென்றால், விழாவோ கடைசி நாளோ கிடைக்காதவர்களைக் கேட்க வேண்டும். 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. +2 மாணவர்களுக்குக் கெமிஸ்ட்ரியும் அக்கவுன்டன்ஸியும் ஜியாகரபியும். கொரோனாவுக்காக அன்று மாலை ஆறு மணிக்கு மாநிலம் முழுக்க 144 தடையுத்தரவு வருகிறது. பஸ் இல்லாமல் தேர்வையே தவறவிட்டவர்கள் ஏராளம், அவர்களுக்கு ஜூலை 27 அன்று மறுதேர்வு வைத்தார்கள். எழுதி முடித்தவர்கள் வெளியே வந்தபோது இங்க் இல்லை, கையெழுத்து இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லவே இல்லை. வீட்டுக்கு ஓடினார்கள். ஹால் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

அடுத்த பேட்ச்சின் கதை இன்னும் விசித்திரம். +2இன் பெரும்பகுதி போன் திரையில் போனது. 2021 ஜனவரி 19 அன்றுதான் பள்ளிக் கதவு திறந்தது. சந்தித்தபோது பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை, பையன்களுக்கு மீசை வந்திருந்தது, மேலே மாஸ்க். ஏப்ரல் 16 முதல் செய்முறைத் தேர்வு நடந்தது. மே மாத எழுத்துத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, ஜூன் 5 அன்று ரத்தும் ஆனது. ஆகவே அந்த பேட்ச்சுக்குப் பள்ளியின் கடைசி நாள் எதுவென்றால், ப்யூரெட்டில் அளவு பார்த்த நாள்தான். அது கடைசி நாள் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், +1இலிருந்து 20, +2 செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். ஜூலை 19 ரிசல்ட். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அத்தனை பேரும் பாஸ்.

அதிலிருந்து 'ஆல் பாஸ்' என்பது அந்த பேட்ச்சின் பட்டப்பெயர் ஆகிவிட்டது. இன்டர்வியூவில் 2021 என்று பார்த்ததும் எதிரே இருப்பவர் லேசாகச் சிரிக்கும் அந்தச் சிரிப்பை, அவர்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். இது ஜூனியர்கள் ஜிகினா ஒட்டிக் கொடுத்த பட்டம் இல்லை, ஊர் கொடுத்தது. திருப்பிக் கிண்டலடிக்க அவர்களுக்கு ஒரு மேடையும் கிடைக்கவில்லை. அந்த வருஷத்துக் குரூப் போட்டோவைத் தேடினால், சில பள்ளிகளின் சுவரில் ஒரு சட்டத்துக்கான இடம் காலியாக இருக்கலாம். சில பேட்ச்கள் அதன்பின் மெரினாவிலோ யாராவது ஒருவரின் மொட்டை மாடியிலோ கூடி, தாங்களே வேட்டி புடவை கட்டி, தாமதமாக ஒரு ஃபேர்வெல் நடத்திக்கொண்டன. விடைகொடுக்க +1 யாரும் இல்லை. அவர்களுக்கு அவர்களே சந்தனம் வைத்துக்கொண்டார்கள்.

குரூப்பில் அட்மின் யார்?

ஆட்டோகிராஃப் நோட்டு, ஸ்லாம் புக் எல்லாம் போய்விட்டன. அவற்றில் 'உனக்குப் பிடித்த நடிகர்' என்ற கேள்விக்குக் கீழே அழித்து அழித்து எழுதிய பதில்கள் இருந்தன. இப்போது ரீல்ஸ். முப்பது வினாடி, மெதுவாக நடந்துவரும் காட்சி, பின்னணியில் பாட்டு. ரீல்ஸின் தொல்லை ஒன்று: மிமிக்ரி நாடகத்திலிருந்து பத்து வினாடியை மட்டும் வெட்டிப் போட்டால், ஹாலில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது வெளியே ஆசிரியருக்கு அவமானமாகிவிடும். இந்தப் பயத்தில்தான் சில பள்ளிகள் மேடை நாடகத்தையே நிறுத்துகின்றன. போனை வாசலில் வாங்கி வைத்துவிட்டு நாடகத்தை விட்டிருக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப் மட்டும் நிற்கிறது. முதல் மாதம் நாளுக்கு நானூறு மெசேஜ். ரிசல்ட் அன்று மௌனம், 2025இல் 95.03 சதவீதம் பேர் பாஸ் என்றாலும், குரூப்பில் பேசாமல் இருப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரைத் தனியாகப் போனில் கூப்பிடும் ஒருவன் இருந்தால் அந்த பேட்ச் நல்ல பேட்ச். அதற்கு அப்புறம் குட் மார்னிங் படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், அவ்வப்போது ரத்தம் தேவை. 'ஆட்டோகிராப்' (2004), '96' (2018) படங்கள் வந்த பிறகு, பத்து வருஷம் ஆனாலே ரீயூனியன் போட்டாக வேண்டும் என்பது ஏறக்குறைய சட்டமாகிவிட்டது.

இந்தக் குரூப்களுக்கு ஒரு வேலையையும் அரசு கண்டுபிடித்தது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவ வழி செய்தது. தொடங்கியபோது வேணு சீனிவாசன் தலைவராகவும், விஸ்வநாதன் ஆனந்த் நல்லெண்ணத் தூதராகவும் இருந்தார்கள். ஆக, ஒரு பேட்ச் உடைத்த பெஞ்சை இன்னொரு பேட்ச் வாங்கித் தரலாம். பல சமயம் இரண்டும் ஒரே பேட்ச்சாகவும் இருக்கும், நடுவில் பதினைந்து வருஷம் ஓடியிருக்கும்.

பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொதுத்தேர்வு அட்டவணை வந்த அன்றே ஃபேர்வெல் தேதியையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். சிறப்பு விருந்தினர் வேண்டாம். உங்கள் ஊரிலேயே சிறப்பானவர்கள் அன்று ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யூனிஃபார்மில் வருகிறவர்களுக்கும் ரோஜா கொடுங்கள். பட்டப் பட்டியலை முந்தின நாள் ஒரு டீச்சர் வாங்கிப் படிக்கட்டும். நிறம், உடம்பு, சாதி, அப்பாவின் வேலை தொடுகிற வரிகளை அடிக்கட்டும். தன்னைக் கிண்டல் செய்யும் வரியை மட்டும் தயவுசெய்து அடிக்காமல் விடட்டும்.